பழைய டெர்மினல் ஓடவில்லையா? அறிகுறி பார்த்துப் பழுது பிடிக்கும் வழிமுறை

டெக் வி.டி.100 (1978), லியர் சீக்லர் ஏ.டி.எம்.-3ஏ (1976), வைஸ் 50 (1983) போன்ற டெர்மினல்களை, அதாவது கணினியோடு இணைத்துப் பயன்படுத்திய திரை-கீபோர்டு பெட்டிகளை, சேகரிப்பவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது ஒன்று. இந்தப் பெட்டி ஒருநாள் தொழிற்சாலையில் எல்லாச் சோதனையிலும் தேறி, திரையும் நேராக வைக்கப்பட்டு, பிரிசெட்டுகளில் (உள்ளே இருக்கும் சின்ன அளவுத் திருகுகள்) பெயின்ட் பொட்டும் இடப்பட்டுத்தான் வெளியே வந்தது. அந்தப் பிரிசெட்டுகள் தாமாகத் திரும்புவதில்லை. படம் சுருங்கினாலும் ஆடினாலும் மாறியிருப்பது ஒரு கெப்பாசிட்டரோ ரெசிஸ்டரோ சால்டரோதான். அதை விட்டுவிட்டுப் பிரிசெட்டைத் திருகினால் ஒரு பழுது இரண்டாகும்.

சோதனை வரிசையையும் தொழிற்சாலையிடமிருந்தே எடுத்துக்கொள்வது நல்லது: முதலில் பவர் சப்ளை, அடுத்து ரோமும் ரேமும், பிறகு திரை, அப்புறம் கீபோர்டும் சீரியல் லூப்பேக்கும் (அனுப்பியதைத் திரும்பப் பெற்றுப் பார்ப்பது), கடைசியாகப் பர்ன்-இன் (மணிக்கணக்கில் ஓடவிட்டுப் பார்ப்பது). முந்தைய படி தேறாமல் அடுத்ததை அளந்தால் வரும் எண்ணுக்கு அர்த்தம் இருக்காது.

இங்கே சொல்வது ஆர்.எஸ்.-232 அல்லது அதைப் போன்ற சீரியல் இணைப்பில் ஓடும், ஒற்றை நிற பிக்சர் டியூப் டெர்மினல்களுக்கு. ஐ.பி.எம். 3278 வேறு ரகம். அதற்கு 93 ஓம் ஆர்.ஜி.-62 கோஆக்ஸியல் கேபிளும் 3274 மாதிரி ஒரு கன்ட்ரோலரும் வேண்டும். சீரியல் கேபிளை வைத்துக்கொண்டு அதை வாங்கிவிடாதீர்கள்.

பிளக் போடுவதற்கு முன்

ஓடி நின்ற பெட்டி என்றால் டியூபில் 12,000 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். நல்ல இன்சுலேஷன் உள்ள நீளமான ஸ்க்ரூடிரைவரின் தண்டில் ஒரு ஒயரைக் கட்டுங்கள். ஒயரின் நடுவில் 1 மெகா ஓம் அளவுக்கு ரெசிஸ்டர். ஒரே ரெசிஸ்டராக இல்லாமல் மூன்று நான்கைத் தொடராகப் போட்டால் வோல்டேஜைத் தாங்கும். ஒயரின் மறுமுனையில் இருக்கும் கிளிப்பை டியூபின் கறுப்புப் பூச்சின் மேல் ஓடும் பின்னல் எர்த் ஒயரில் மாட்டுங்கள். சேசிஸில் மாட்டினால் போதாது, ஏனென்றால் எல்லா டெர்மினலிலும் சேசிஸும் அந்தப் பூச்சும் இணைந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, ரப்பர் தொப்பிக்கு அடியில் ஸ்க்ரூடிரைவர் நுனியை நுழைத்து ஆனோடு கிளிப்பைத் தொடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை தொடுங்கள். கண்ணாடியே ஒரு கெப்பாசிட்டர் என்பதால் கொஞ்சம் சார்ஜ் திரும்ப ஊறி வரும்.

பிறகு கண்ணால் பாருங்கள். டியூபின் கழுத்தில், கண்ணாடிக்கு உட்புறம், கெட்டர் என்னும் வெள்ளிக் கண்ணாடி போன்ற பூச்சு தெரியும். அது பளபளப்பாக இருந்தால் வெற்றிடம் இருக்கிறது. பால் போல வெளுத்திருந்தால் காற்று உள்ளே போய்விட்டது. டியூப் முடிந்த கதை. பெட்டியை வாங்கும் இடத்திலேயே டார்ச் அடித்துப் பார்க்கக்கூடிய சோதனை இது.

மெயின்ஸ் நுழையும் இடத்தில் மஞ்சள் கலந்த ஒளி ஊடுருவும் உறையுடன் ரிஃபா பி.எம்.இ.271 வகைக் கெப்பாசிட்டர் இருந்தால், உறையில் முடி அளவு விரிசல் தெரிந்தாலே கழற்றிவிடுங்கள். உள்ளே இருப்பது காகிதம். விரிசல் வழியே ஈரம் ஏறியிருக்கும். கரண்ட் கொடுத்த சில நிமிடத்தில் வெடித்து அறை முழுக்கப் புகையாகும். அதே அளவில் எக்ஸ்-2 தரமுள்ள ஃபிலிம் கெப்பாசிட்டர் போட வேண்டும். சாதாரண ஃபிலிம் கெப்பாசிட்டர் மெயின்ஸுக்கு ஆகாது.

எதையும் தொடுவதற்கு முன், பெயின்ட் பொட்டுள்ள பிரிசெட்டுகளையும், யோக்கின் (டியூப் கழுத்தைச் சுற்றியுள்ள, கற்றையைத் திருப்பும் சுருள்) ஓரத்தில் ஒட்டியிருக்கும் சிறு காந்தங்களையும், கழுத்தில் உள்ள சென்டரிங் வளையங்களின் காது எந்தப் பக்கம் நிற்கிறது என்பதையும் போட்டோ எடுத்து வையுங்கள். தொழிற்சாலை அந்த ஒரு டியூபுக்கென்றே வைத்துவிட்டுப் போன அளவுகள் அவை.

முதல் கரண்ட்டை 100 வாட் குண்டு பல்பைத் தொடராகப் போட்டே கொடுங்கள். ஏ.டி.எம்.-3ஏ போல டிரான்ஸ்ஃபார்மர் சப்ளை என்றால் வேரியாக்கில் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) மெல்ல ஏற்றலாம். சுவிட்ச்மோட் சப்ளைக்கு வேரியாக் வேண்டாம், குறைந்த வோல்டேஜில் அது கூடுதல் கரண்ட்டை இழுக்கும். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது. பளீரென்று எரிந்தபடியே நின்றால் உள்ளே ஷார்ட்.

பெட்டி செத்துக் கிடக்கிறது

ஃப்யூஸைக் கழற்றி உற்றுப் பாருங்கள். கண்ணாடி கறுத்தோ வெள்ளிப் பூச்சு அடித்தோ இருந்தால் பெரிய ஷார்ட். பிரிட்ஜ் டயோடு, சுவிட்சிங் டிரான்சிஸ்டர் இரண்டையும் மல்டிமீட்டரில் பாருங்கள். கம்பி மட்டும் நடுவில் அறுந்திருந்தால் வயதான ஃப்யூஸ் என்று எடுத்துக்கொள்ளலாம். 110/230 வோல்ட் தேர்வு சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

"டிக்... டிக்... டிக்" என்று சத்தம் மட்டும் வருகிறதா? சப்ளை கிளம்பப் பார்க்கிறது, ஷார்ட்டைக் கண்டு அணைகிறது, மறுபடி முயல்கிறது. மானிட்டர் போர்டுக்குப் போகும் கனெக்டரைக் கழற்றுங்கள். டிக் நின்றால் பழுது மானிட்டர் பக்கம்: பெரும்பாலும் ஹரிசான்டல் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட், அல்லது எல்.ஓ.டி. (ஹை வோல்டேஜ் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) பழுது. டிக் நிற்காவிட்டால் லாஜிக் போர்டைப் பிரித்து, அதன் 5 வோல்ட், +12, −12 பின்களில் கிரவுண்டுக்கு ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். 2 ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த லைனில் ஒரு டான்டலம் கெப்பாசிட்டர் ஷார்ட் என்பதே முதல் சந்தேகம். 12 வோல்ட் லைனில் 16 வோல்ட் டான்டலம் போட்டிருக்கும் போர்டுகளில் இது வாடிக்கை. மாற்றும்போது 25 வோல்ட் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: லோடே இல்லாமல் சுவிட்ச்மோட் சப்ளையை ஓட்டி வோல்டேஜ் பார்த்தால் பலவற்றில் தப்பான எண் வரும். 5 வோல்ட் லைனில் 5 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டிவிட்டு அளந்தால் 1 ஆம்பியர் லோடு கிடைக்கும்.

சப்ளை தேறியது என்று எப்போது சொல்லலாம்? லோடில் 5 வோல்ட் லைன் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் இருக்க வேண்டும், ஏ.சி. சிற்றலை 50 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது. வி.டி.100 என்றால் −23 வோல்ட்டையும் சேர்த்துப் பாருங்கள். எதற்கு என்பது கீழே வருகிறது.

சப்ளை சரி, திரை இருட்டு

வி.டி.100-இல் வெளிச்சக் குமிழ் கிடையாது. செட்-அப் சாவியை அழுத்தி, மேல் அம்புச் சாவியால்தான் வெளிச்சம் ஏறும். குறைத்த வெளிச்சத்தை யாராவது சேமித்துவிட்டுப் போயிருந்தால் பெட்டி செத்தது போலவே தெரியும். ஆகவே ஸ்க்ரூடிரைவருக்கு முன் இதைச் செய்யுங்கள்.

அடுத்து அறையை இருட்டாக்கி டியூபின் கழுத்தைப் பாருங்கள். ஹீட்டர் ஆரஞ்சு நிறத்தில் எரிகிறதா? எரியாவிட்டால் கழுத்து சாக்கெட்டின் சால்டரைப் பாருங்கள். பின்னைச் சுற்றி வளையமாக விரிசல் விழுந்த டிரை சால்டர் இங்கே சகஜம். ஹீட்டர் எரிந்து, திரை கண்ணாடி அருகே கை மயிர் சிலிர்க்கவில்லை என்றால் ஹை வோல்டேஜ் இல்லை.

ஹை வோல்டேஜ் இல்லை என்றதும் எல்.ஓ.டி.யைப் பழிசொல்லிப் புதிது தேடி அலைகிறார்கள். பல டெர்மினல்களில் ஹரிசான்டல் டிரைவ் லாஜிக் போர்டிலிருந்து வர வேண்டும். மானிட்டர் தானாக ஆசிலேட் ஆகாது. ரோம் கெட்டால், கடிகாரக் கிரிஸ்டல் நின்றால், டிரைவ் இல்லை. டிரைவ் இல்லை என்றால் ஹை வோல்டேஜ் இல்லை. எனவே ஆசிலோஸ்கோப்பில் முதலில் டிரைவ் பல்ஸைப் பாருங்கள், வி.டி.100-இல் சுமார் 15.7 கிலோஹெர்ட்ஸ் இருக்கும். பல்ஸ் வந்தும் ஹை வோல்டேஜ் வராவிட்டால்தான் அவுட்புட் டிரான்சிஸ்டர், டேம்பர் டயோடு, எல்.ஓ.டி. என்று போக வேண்டும். சாதாரண மல்டிமீட்டரை ஆனோடு பக்கமோ அவுட்புட் டிரான்சிஸ்டரின் கலெக்டர் பக்கமோ கொண்டு போகாதீர்கள்.

நடுவில் ஒரே ஒரு பளீர் கோடு

உடனே வெளிச்சத்தைக் குறையுங்கள். முழுத்திரைக்கும் பரவ வேண்டிய எலெக்ட்ரான் கற்றை ஒரே கோட்டில் விழுகிறது, பாஸ்பரை நிரந்தரமாகச் சுட்டுவிடும்.

கிடைக்கோடு என்றால் வெர்ட்டிகல் பழுது. யோக் கனெக்டரின் சால்டர், யோக்குக்குத் தொடராக வரும் பெரிய எலெக்ட்ரோலிட்டிக், வெர்ட்டிகல் ஐ.சி. (டி.டி.ஏ.1170 பல மானிட்டர்களில் இருக்கும்) என்ற வரிசையில் பாருங்கள். நெடுக்குக்கோடு என்றால் ஹை வோல்டேஜ் வேலை செய்கிறது, யோக்கின் ஹரிசான்டல் சுருளுக்குப் போகும் வழி மட்டும் அறுந்திருக்கிறது: வித் காயில், எஸ்-கரெக்ஷன் கெப்பாசிட்டர், கனெக்டர்.

படம் இருக்கிறது, வடிவம் சரியில்லை

தொழிற்சாலையின் சோதனைத் திரை உங்கள் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. வி.டி.100-ஐ லோக்கலுக்கு, அதாவது கணினியோடு பேசாத நிலைக்கு, மாற்றி (செட்-அப் உள்ளே 4), செட்-அப்பை விட்டு வெளியே வந்து, எஸ்கேப், #, 8 என்று மூன்று சாவியை வரிசையாக அடியுங்கள். திரை முழுக்க ஆங்கிலப் பெரிய 'ஈ' நிரம்பும். டெக்கின் உற்பத்திப் பிரிவும் கள சேவை ஆட்களும் ஃபோகஸையும் அலைன்மென்ட்டையும் பார்க்க வைத்துக்கொண்ட கட்டளை இது. வி.டி.220, 320 வரிசையிலும் வேலை செய்யும். எஸ்கேப் சாவி இல்லாத கீபோர்டில் கன்ட்ரோலுடன் [ அடித்தால் அதே குறி போகும். இந்தக் கட்டளை தெரியாத டெர்மினலில் லோக்கலில் ஏதாவது ஒரு பெரிய எழுத்தைப் பிடித்துக்கொண்டு 24 வரியையும் நிரப்புங்கள்.

'ஈ' எழுத்தில் மூன்று கிடைக்கோடும் ஒரு நெடுக்குக்கோடும் இருப்பதால் பழுது எந்தத் திசையில் என்பது உடனே தெரியும். மேல் வரிசை எழுத்துகள் நெட்டையாகவும் கீழ் வரிசை குட்டையாகவும் இருந்தால் வெர்ட்டிகல் லீனியாரிட்டி போயிருக்கிறது. அந்தப் பகுதியில் உள்ள எலெக்ட்ரோலிட்டிக்குகளை இ.எஸ்.ஆர். மீட்டரில் (கெப்பாசிட்டரின் உள் ரெசிஸ்டன்ஸை அளப்பது) பாருங்கள்; 1 முதல் 100 மைக்ரோஃபேரட் வரை உள்ள சின்னவைதான் முதலில் காய்ந்துபோகும். திரையின் கீழ்ப்பகுதி மடிந்து பளிச்சென்று ஒரு பட்டை தெரிந்தாலும் இதே இடம். ஓரங்கள் பாம்பு போல மெல்ல நெளிந்தால் சப்ளையின் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர். அது நல்லதாக இருந்தால் வி.டி.100-இல் செட்-அப் பி-யில் (செட்-அப்பின் இரண்டாம் திரை) உள்ள 50/60 ஹெர்ட்ஸ் அமைப்பு உள்ளூர் மின்சாரத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். அருகில் மின்விசிறி, டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் தள்ளி வையுங்கள். வெளிச்சத்தை ஏற்றும்போது படம் ஊதிப் பெரிதானால் ஹை வோல்டேஜ் தளர்கிறது: எல்.ஓ.டி.க்கு வரும் சப்ளையில் தொடராக நிற்கும் ரெசிஸ்டர் மதிப்பு ஏறியிருக்கும், இல்லையென்றால் அதன் ஃபில்டர் கெப்பாசிட்டர் போயிருக்கும்.

பழுதான பாகத்தை மாற்றிய பிறகும் படம் பொருந்தவில்லை என்றால் மட்டும் பிரிசெட்டைத் தொடுங்கள், அதுவும் பெட்டி 30 நிமிடம் ஓடிச் சூடேறிய பிறகு. வெளிச்சத்தை ஏற்றிப் பின்னணிக் கோடுகள் தெரிய ஆரம்பித்ததும், அவை மறையும் வரை மட்டும் இறக்குங்கள். படம் சாய்ந்திருந்தால் யோக்கைச் சுழற்றுங்கள். மையம் விலகியிருந்தால் சென்டரிங் வளையங்கள். உயரமும் லீனியாரிட்டியும் ஒன்றை ஒன்று இழுக்கும், இரண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். வித் காயிலுக்கு பிளாஸ்டிக் அறுகோண சாவிதான் வேண்டும். இரும்புச் சாவி ஃபெரைட் கருவை உடைத்துவிடும், உடைந்த கரு காயிலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஃபோகஸ் கடைசியில். நடுவில் உள்ள எழுத்தைப் பார்த்துக் கூர்மையாக்கினால் மூலை மங்கும். மையத்துக்கும் மூலைக்கும் நடுவில் உள்ள ஓர் எழுத்தைப் பார்த்து வையுங்கள்.

திரையில் பூஞ்சை பிடித்தது போலத் திட்டுகள்

ஏ.டி.எம்.-3ஏ வயது டியூப்களில் இதைப் பார்க்கலாம். திரைக்கு முன்னால் ஒட்டிய பாதுகாப்புக் கண்ணாடிக்கும் டியூபுக்கும் நடுவில் உள்ள பசை சிதைகிறது. ஓரத்தில் மட்டும் என்றால் விட்டுவிடுங்கள், பயன்பாட்டுக்கு இடைஞ்சல் இல்லை. நடுவரை வந்திருந்தால் டியூபை டிஸ்சார்ஜ் செய்து கழற்றி, முகம் கவிழ வெதுவெதுப்பான நீரில் வைத்து மெல்ல மெல்லச் சுமார் 60 டிகிரி வரை சூடேற்றி, பசை இளகியதும் மெல்லிய கம்பியால் மூலையிலிருந்து அறுத்துப் பிரிக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் சூடு பட்டால் கண்ணாடி வெடிக்கும். கண்ணுக்கு மறைப்பு, கைக்குத் தடித்த உறை கட்டாயம். சுற்றியுள்ள இரும்புப் பட்டையைத் தொடவே கூடாது. கழுவிய பாதுகாப்புக் கண்ணாடியைத் திரும்ப மாட்டாமல் பெட்டியை ஓட்டுவதும் கூடாது. முதல் டெர்மினலிலேயே இதில் இறங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

பவர் போட்டதும் திரையில் 2, 4 என்று எண் வருகிறது

வி.டி.100 ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் ரோம், ரேம், அமைப்புகளைச் சேமிக்கும் என்.வி.ஆர்., கீபோர்டு நான்கையும் சோதிக்கிறது. சின்னப் பழுது என்றால் திரையின் மேல் இடது மூலையில் ஓர் எண் நிற்கும்: 1 ஏ.வி.ஓ. என்னும் கூடுதல் வீடியோ போர்டு, 2 என்.வி.ஆர்., 4 கீபோர்டு. சேர்ந்து வந்தால் கூட்டல். 6 என்றால் என்.வி.ஆரும் கீபோர்டும். பெரிய பழுது என்றால் திரையில் புரியும்படி ஒன்றும் வராது. கீபோர்டில் எல்-1 முதல் எல்-4 வரை உள்ள விளக்குகள் பைனரி எண்ணாக நிற்கும். எல்-4 ஒன்றுகளின் இடம். 1 முதல் 4 வரை என்றால் அந்த எண்ணுள்ள ரோம், 5 என்றால் முதன்மை ரேம்.

2 வந்தால் பதற வேண்டாம். செட்-அப் போய் அமைப்புகளைச் சரிசெய்து, ஷிஃப்ட்டுடன் எஸ் அழுத்திச் சேமித்து, பவரை அணைத்துப் போடுங்கள். பல ஆண்டுகள் கிடந்ததில் செக்சம் மட்டும் அழிந்திருந்தால் இதோடு தீர்ந்தது. மறுபடி 2 வந்தால் −23 வோல்ட்டை அளந்து பாருங்கள். வி.டி.100-இன் என்.வி.ஆர். ஆன ஈ.ஆர்.1400 அந்த வோல்டேஜ் இல்லாமல் எழுதவும் செய்யாது, படிக்கவும் செய்யாது. வோல்டேஜ் சரியாக இருந்தால் சிப் போயிருக்கிறது. புதிது கிடைப்பது அரிது. ஆனால் அது இல்லாமலும் டெர்மினல் ஓடும், ஒவ்வொரு முறையும் அமைப்பைக் கையால் வைக்க வேண்டியதுதான்.

ரோம் எண் காட்டினால் சாக்கெட்டில் இருக்கும் ரோமை மெல்ல நெம்பி எடுத்து, கறுத்த கால்களைத் துடைத்து, திரும்ப அழுத்துங்கள். ஜன்னல் உள்ள ஈப்ராம் இருக்கும் டெர்மினல் என்றால் ஜன்னலின் ஸ்டிக்கரைப் பிய்க்காமல், முதல் வேலையாக உள்ளடக்கத்தைப் படித்துக் கோப்பாகச் சேமியுங்கள்.

4 வந்தால் கீபோர்டு பிளக். வி.டி.100 கீபோர்டு 6.35 மில்லிமீட்டர் ஸ்டீரியோ ஹெட்போன் ஜாக்கில் மாட்டுகிறது. பவரும் சிக்னலும் அதே மூன்று தொடுமுனைகளில்தான். பவர் இருக்கும்போது செருகினால் நுனி ஒவ்வொரு தொடுமுனையையும் உரசிக்கொண்டே உள்ளே போகும், ஒரு கணம் ஷார்ட் ஆகும். அணைத்துவிட்டே செருகுங்கள், பிடுங்குங்கள்.

எழுத்துகள் தப்பாக வருகின்றன

தப்பிலும் ஒரு ஒழுங்கு இருக்கும். அதைப் படித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எல்லாமே குப்பை என்றால் வேகம் பொருந்தவில்லை. ஏறக்குறைய பாதி எழுத்து சரி, பாதி தப்பு என்றால் பாரிட்டி (பிழை கண்டுபிடிக்கச் சேர்க்கும் பிட்) பொருந்தவில்லை. 8 பிட் பாரிட்டி இல்லாமல் வைத்த வி.டி.220-க்கு கணினி 7 பிட் ஈவன் பாரிட்டியில் அனுப்பினால், ஒற்றை எண்ணிக்கையில் 1 உள்ள எழுத்துகளுக்கு மட்டும் எட்டாவது பிட் ஏறும். ஏ, பி, டி, ஜி சரியாக வரும். சி, ஈ, எஃப் மாறிவிடும். இது அமைப்புப் பிழை, பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை.

ஏ அடித்தால் சி, டி அடித்தால் எஃப், ஈ அடித்தால் ஜி. ஆனால் பி, சி, எஃப் சரியாகவே வருகின்றனவா? இரண்டாம் பிட் 1-இலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கே ஒட்டியிருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. இன்னொரு கணினியில் இணைத்து ஏ அடியுங்கள். கணினியில் ஏ என்றே வந்து டெர்மினல் திரையில் மட்டும் சி என்றால் பழுது திரைப் பக்க ரேமில் அல்லது அதன் டேட்டா லைனில். கணினியிலும் சி வந்தால் கீபோர்டு அல்லது அனுப்பும் யூ.ஏ.ஆர்.டி. (எழுத்தைச் சீரியல் பிட்டுகளாக மாற்றும் சிப்) பக்கம். திரையின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் எழுத்து மாறி, ஸ்க்ரோல் செய்தால் இடம் விட்டு இடம் தாவினால் ரேம் சிப்பில் ஒரு செல். எல்லா எழுத்திலும் ஒரே புள்ளி வரிசை இல்லை என்றால் கேரக்டர் ரோம் அல்லது ஷிஃப்ட் ரெஜிஸ்டர்.

இந்தக் காலத்து டெர்மினல்கள் பலவற்றில் இருக்கும் 2114 ரேம் அடிக்கடி காலை வாரும். விரலால் தொட்டுப் பாருங்கள். பக்கத்துச் சிப்பை விடச் சுடுவது முதல் குற்றவாளி. நல்ல சிப்பை மேலே கவ்வவைத்துப் பார்க்கும் முறை, கெட்ட சிப்பின் அவுட்புட் ஓபன் ஆகியிருந்தால் மட்டுமே பதில் தரும். ஷார்ட் ஆகி ஒட்டியிருந்தால் மேலே உள்ள நல்லதையும் அது அமுக்கிவிடும்.

எழுத்து நடுவே சதுரங்கக் கட்டம் போல ஒரு குறி

வி.டி.100 பெறும்போது பிழை நேர்ந்ததைக் காட்டும் குறி அது. வி.டி.220-இல் தலைகீழ்க் கேள்விக்குறி. நீளமான பட்டியல் ஓடும்போது மட்டும் வந்தால் கணக்கு இதுதான்: 9600 வேகத்தில் வினாடிக்கு 960 எழுத்து வரும், 80 எழுத்து வரி என்றால் 12 வரி. ஸ்மூத் ஸ்க்ரோல் வினாடிக்கு 6 வரியே நகர்த்தும். மீதி நினைவகத்தில் குவிந்து வழிகிறது. செட்-அப் பி-யில் ஆட்டோ எக்ஸான்/எக்ஸாஃப் ("தொடர்", "நிறுத்து" என்று கணினிக்குச் சொல்லும் முறை) போட்டு, கணினிப் பக்கமும் அதை மதிக்கும்படி வையுங்கள். யூ.எஸ்.பி. சீரியல் அடாப்டர்கள் சிலவற்றில் "நிறுத்து" என்ற செய்தி போன பிறகும், தம் நினைவகத்தில் இருப்பதையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டே நிற்கும் பழக்கம் உண்டு. அப்படியானால் ஜம்ப் ஸ்க்ரோலுக்கு மாற்றுங்கள் அல்லது 4800-க்கு இறங்குங்கள்.

கணினியோடு பேசவே மாட்டேன் என்கிறது

25 பின் கனெக்டரில் டெர்மினல் அனுப்புவது 2-ஆம் பின், பெறுவது 3, சிக்னல் கிரவுண்டு 7. கேபிள் மாட்டாமல் 7-க்கும் 2-க்கும் அளந்தால் −9 முதல் −12 வோல்ட் வரை வர வேண்டும். 0 என்றால் 1488 டிரைவர் போயிருக்கிறது, அல்லது −12 லைன் இல்லை. கேபிள் மாட்டிய பிறகு 2, 3 இரண்டுமே மைனஸ் காட்ட வேண்டும். ஒன்று மைனஸ், மற்றது 0 பக்கம் என்றால் இரண்டு அனுப்பும் லைன்களும் ஒரே ஒயரில் மோதுகின்றன. நல்-மோடம் கேபிள் (2-உம் 3-உம் குறுக்கே மாற்றிய கேபிள்) வேண்டும்.

வி.டி.320, 420-இல் கொக்கி ஓரமாக நகர்ந்த ஆறு பின் எம்.எம்.ஜே. கனெக்டர் இருக்கும். சாதாரண ஆறு பின் டெலிபோன் பிளக் அதில் உட்காராது.

அடுத்து லூப்பேக் பிளக். ஒரு 25 பின் பெண் கனெக்டரில் 2-ஐ 3-உடனும், 4-ஐ 5, 8-உடனும், 20-ஐ 6, 22-உடனும் சால்டர் செய்யுங்கள். ஆன்லைனில் வைத்து, லோக்கல் எக்கோவை அணைத்து அடித்தால் எழுத்து போய்த் திரும்பி வந்து திரையில் தெரியும். ஒவ்வொரு எழுத்தும் ஒரு முறை வந்தால் சீரியல் பக்கம் முழுக்கத் தேறியது. இனிக் குறை கணினியிலோ கேபிளிலோதான்.

அனுப்பும் 1488, பெறும் 1489 இரண்டு சிப்பும் சாவதற்குக் காரணம் பவர் இருக்கும்போது கேபிளைப் பிடுங்குவதும், இரண்டு பெட்டிக்கும் எர்த் வேறுபடுவதும்தான். மாற்றும்போது சாக்கெட் போடுங்கள். இரண்டும் 14 கால் சிப்கள், பார்க்க ஒன்று போலவே இருக்கும். 1488-க்கு 14-ஆம் காலில் 12 வோல்ட், 1489-க்கு 5 வோல்ட். இடம் மாற்றிச் செருகிவிடாதீர்கள்.

சாவிகள் வேலை செய்யவில்லை

கீட்ரானிக் கெப்பாசிட்டிவ் கீபோர்டு என்றால் சாவிக்கு அடியில் உள்ள ஸ்பாஞ்சு மாவாகியிருக்கும். இரண்டு மூன்று சாவி மட்டும் வேலை செய்வது இதன் அடையாளம். போர்டைக் கழற்றி, வெறும் பேடின் மேல் விரல் நுனியை வையுங்கள். எழுத்து வந்தால் எலெக்ட்ரானிக்ஸ் நலம். எல்லாச் சாவிக்கும் புது ஸ்பாஞ்சு-ஃபாயில் வில்லை போட வேண்டும். வேலை செய்யாதவற்றுக்கு மட்டும் போட்டால் மீதி அடுத்த மாதம் போகும்.

ஹால் எஃபெக்ட் கீபோர்டில் தேய்வதற்குத் தொடுமுனையே இல்லை. கான்டாக்ட் கிளீனர் வீண். 5 வோல்ட்டையும் ஒயரையும் பாருங்கள். வி.டி.220-இன் எல்.கே.201-இல் பவர் போட்டதும் நான்கு விளக்கும் ஒருமுறை எரிந்து அணைந்தால் கீபோர்டின் சொந்தச் சோதனை முடிந்தது. அதன் பிறகும் கீபோர்டு பிழை வந்தால் ஏதோ ஒரு சாவி அமுங்கியபடி ஒட்டியிருக்கிறதா என்று தேடுங்கள்.

அரைமணி நேரம் ஓடி நிற்கிறது

சூடேறியதும் வரும் பழுதுக்கு ஃப்ரீசர் ஸ்ப்ரே. ஒரு நேரத்தில் ஒரு பாகத்தின் மேல் மட்டும் அடியுங்கள். டியூபின் கண்ணாடி மேல் படவே கூடாது. எதன் மேல் அடித்ததும் பெட்டி தேறுகிறதோ அது. ஸ்ப்ரேயில் சிக்காவிட்டால் காய்ந்த பிளாஸ்டிக் குச்சியால் போர்டைத் தட்டுங்கள், டிரை சால்டர் இருந்தால் காட்டிக்கொடுக்கும்.

எந்தப் பழுதை நீக்கினாலும் கடைசியில் பர்ன்-இன் செய்யுங்கள். தொழிற்சாலைகள் பெட்டியைச் சூட்டில் பல மணி நேரம் ஓடவிட்டதற்குக் காரணம், குறையோடு பிறந்த பாகம் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே சாகும் என்பதுதான். நீங்கள் புதிதாகப் போட்ட பாகத்துக்கும் அது பொருந்தும். வி.டி.100-இல் இதற்கும் கட்டளை இருக்கிறது: எஸ்கேப், [, 2, ;, ஓர் எண், சிறிய ஒய். எண் 1 என்றால் பவர்-அப் சோதனை, 2 டேட்டா லூப்பேக், 4 மோடம் லைன்கள், 8 சேர்த்தால் பிழை வரும் வரை அல்லது பவரை அணைக்கும் வரை திரும்பத் திரும்ப ஓடும். வெறும் பெட்டிக்கு 9 கொடுங்கள். 15 கொடுப்பதானால் டெக்கின் லூப்பேக் பிளக் வேண்டும். அதில் மேலே சொன்னவற்றோடு 2-3 ஜோடியில் 15-உம் சேரும், 19-ஐ 12, 17-உடன் இணைக்கும் தனி இணைப்பும் இருக்கும். வி.டி.220-க்கு 2-க்குப் பதில் 4 என்று தொடங்கும்.

மூடியைப் போட்டு, திருகு இறுக்கி ஓட்டுங்கள். திறந்த பெட்டியில் சூடு நிற்காது. எட்டு மணி நேரம் போதும், ஆனால் ஆள் இருக்கும் நேரமாகப் பாருங்கள். தேறிய பிறகு மறுபடி எஸ்கேப், #, 8 அடித்து நான்கு மூலை 'ஈ'-க்களையும் பாருங்கள். நீங்கள் திருகிய பிரிசெட்டுகள் மேல், தொழிற்சாலைப் பொட்டிலிருந்து வேறுபடும் நிறத்தில் ஒரு பொட்டு வைத்து, 5 வோல்ட் லைனில் கடைசியாக வந்த எண்ணைத் தேதியோடு ஒரு ஸ்டிக்கரில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள்.